கீர்த்தனனுக்குப் பிடிச்ச சாப்பாடு

— இல்லை, தம்பி தனஞ்சயன், நீ அவனோடை திரிஞ்ச கூட்டாளி, யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு எட்டுச் செலவு. செத்த பிள்ளைக்குப் பிடிச்சதைப் படைக்கவேணும். எனக்குத் தெரிஞ்சது அவன் பத்தொன்பது வயசிலை சாப்பிட்டதுதான்.

— அதையே படையுங்கோவன் அம்மா. திருக்கை மீன் வறையும் புட்டும் எண்டு கீர்த்தனன் கடைசி மட்டும் கதைச்சவன்.

— கதைக்கிறது வேறை, சாப்பிடுறது வேறை. எத்தினை வருசம் உங்கை ஜேர்மனியிலை இருந்தவன். நாங்கள் சண்டைக்கை ஓடி, முகாமிலை கிடந்து, இப்பதான் அடம்பனுக்குத் திரும்பி வந்து ஒரு தகரக் கொட்டில் போட்டனாங்கள். வாறன் அம்மா, வீடு கட்டித் தாறன் எண்டவன். வந்தது செய்திதான். அவன் வளந்து என்னத்தை விரும்பிச் சாப்பிட்டவன் எண்டு தெரிஞ்சு, ஒருக்காலாவது என்ரை கையாலை குடுக்க ஆசையாக் கிடக்கு.

— சரி அம்மா. ஹம்பேர்க்கிலை நாங்கள் இருக்கிற தெரு முழுக்க ஆப்கானிஸ்தான் சனம். எங்களைப் போலை ஓடி வந்த ஆக்கள். வந்த புதுசிலை ரெண்டு பேரும் கடை கடையா ஏறி இறங்குவம். சோத்துக்கை கரட்டும் திராட்சை வத்தலும் கிடந்ததைப் பாத்திட்டு, ஆரடா சோத்தைப் பாயாசமாக்கினது எண்டு பேசினவன். அடுத்த கிழமை அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போறான்.

— அவன் அப்பிடித்தான். முதல் முகத்தைச் சுழிப்பான், பிறகு சட்டியை வழிப்பான்.

— ஆகலும் பிடிச்சது மந்து. எங்கடை கொழுக்கட்டை மாதிரி அவிக்கிறது. உள்ளுக்கை கொத்தின ஆட்டிறைச்சியும் வெங்காயமும். மேலை உள்ளிப்பூண்டு போட்ட தயிர்.

— கொழுக்கட்டைக்கை இறைச்சியோ, பிள்ளையாரே. சரி, செய்யிறன். மாவைப் பச்சைத்தண்ணியிலையோ சுடுதண்ணியிலையோ குழைக்கிறது?

— பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்... பச்சைத்தண்ணியாம். கோதுமை மாவாம்.

— ஆரைக் கேட்டனி? பொம்பிளைக் குரல் கேக்குது.

— நர்கிஸ், அம்மா. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரற்றை மகள்.

— செத்தவீட்டுக்கு வந்து நிக்கிறாளோ. நல்ல பிள்ளை. அவள்தான் அவனுக்கு அதைச் செய்து குடுக்கிறவளோ?

— ஓம்.

— நானும் உயிலங்குளத்திலை ஒரு பிள்ளையைப் பாத்து வைச்சனான். கலியாணம் எண்டாலே கதையை மாத்திப்போடுவான். கட்டினவள் கையாலை ஒரு நேரம் சாப்பிடாமலே போட்டான் என்ரை ராசா.

— அம்மா...

— சரி, அதை விடு. போனை அந்தப் பிள்ளையிட்டைக் குடு. உப்பு எவ்வளவெண்டு நானே கேக்கிறன். தமிழ் விளங்குமோ அவளுக்கு?

— கொஞ்சம் கதைப்பா. கீர்த்தனன் வீட்டிலை வைச்சுப் பழக்கினவன். அம்மா, ஆறுதலாக் கதையுங்கோ, என்ன. இந்தா நர்கிஸ்.

— மாமி... சாப்பிட்டீங்களோ?