ஆடிக் கூழுக்குப் பொறுக்கிய விறகு

ஈர விறகை அடுப்பில் வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வராது, மாதவி கண்ணு, பாவமாகத்தான் இருக்கும். சொல்லித் தர ஆளில்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? நீ போலீஸ் உடுப்பில் இருந்தாலும் என் மகள் வயசுதான், அதனால் சொல்கிறேன். நன்றாகக் காய்ந்த ரப்பர் கட்டை வை. சாயம் பூசிய பலகை, மருந்து ஏற்றிய பலகை, இதையெல்லாம் அடுப்புக் கிட்டவே கொண்டுவராதே. பிள்ளைகள் மூச்சில் போகும். மேசைமேல் வைத்திருக்கிறாயே, கோயில் அடுப்பில் எரியாமல் மிஞ்சிய கட்டை, அதையும் வெறுங்கையால் தொடாதே. அரிக்கும்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் காய்ச்ச வீட்டுக்கு ஒரு கட்டு விறகு வரும். பிரித்துப் பார்த்து, ஆகும் ஆகாது என்று சொல்வது நான். தலைவர் நல்லசாமி கொண்டுவந்த கட்டையே ஆனாலும், நான் தள்ளினால் தள்ளினதுதான். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அது.

இந்த வருசம் நல்லசாமி வந்தார். "அமராவதிக்கா, உங்களுக்கு முட்டி வலி. பேசாம நாற்காலி போட்டு உக்காருங்க லா. விறகை அன்னம்மா பாத்துக்கும்."

"அதுக்கு என்ன தெரியும்?"

"கட்டைதானேக்கா. எரிஞ்சா சரி."

எரிஞ்சா சரியாம். இதையும் எழுதிக்கொள். இப்படிப் பேசுகிறவர்களை நம்பி ஊருக்கு எப்படிப் பத்திரமாகக் கூழ் காய்ச்சுவது?

அன்னம்மா எனக்கு அடுத்த வீடு. நல்ல மனுசி, கொஞ்சம் மூச்சிழுப்பு உண்டு. அவளே வந்து, "கோவிச்சுக்காதக்கா, என்னைக் கேக்காமப் போட்டுட்டாங்க. நீ பக்கத்துல நின்னு சொல்லிக் குடு" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் கற்றுக்கொண்டுவிடுவாள்.

ஆற்றோரத்தில் ரெங்காஸ் மரம் ஒன்று விழுந்து காய்ந்து கிடந்தது. பார்க்க அழகு, உள்ளே சிவப்பு. பால் பட்டால் தோல் வெந்துபோகும். புகை பட்டால் முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் ஒரு தடவை தெரியாமல் எரித்துவிட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதனால் கைக்கு உறை மாட்டி, முகத்தை மூடிக்கொண்டுதான் கிளையை ஒடித்தேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததே இல்லை. ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் செருகி, என் வீட்டுக் கட்டாகக் கொடுத்தேன்.

அன்னம்மா அதைப் பிரிக்கவே இல்லை. "அமராவதிக்கா விறகை நான் சோதிக்கிறதா? நல்லா இருக்கு கதை" என்று சிரித்துக்கொண்டே முதலில் அதைத்தான் அடுப்பில் வைத்தாள். பார்த்தாயா, அவளுக்கு வேலை தெரியாது என்று நான் சொன்னது சரிதானே.

என் பேரப்பிள்ளைகளை அன்றைக்கு ரவாங்கில் அவர்கள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் காற்று வருகிற பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னது நல்லசாமிதான்.

நாலு பேருக்கு முகம் வீங்கினால் போதும், அடுத்த வருசம் என்னைத் தேடி வருவார்கள் என்றுதான் நினைத்தேன். அன்னம்மா குனிந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டே இருந்தாள். தள்ளி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். இருமினாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஆமாம் கண்ணு, ரெங்காஸ் என்று தெரிந்து, அவளுக்கு இழுப்பு என்றும் தெரிந்து, நான்தான் வைத்தேன். அப்படியே எழுது.

மறுநாள் அவள் மகன் சேதுவைக் கூட்டிக்கொண்டு, வீங்கிய முகத்தோடு நல்லசாமி என் வாசலில் நின்றார். "சுடுகாட்டுக்கு விறகு வேணும்க்கா. இனிமே எல்லாம் நீங்கதான் பாக்கணும். எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

ஒவ்வொரு கட்டையாக நானே பொறுக்கி லோரியில் ஏற்றிவிட்டேன். சுற்றி நின்ற ஒருத்தர் கண்ணிலும் புகை படவில்லையாம். சேது வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அம்மாமேல் எனக்கு வன்மம் இருந்திருந்தால், அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பேனா, நீயே சொல்.