ஒரு மூச்சுத் தாமதம்

வீடியோ அழைப்பில் யாரும் எதிராளியைப் பார்ப்பதில்லை, சார். மூலையில் தெரியும் தன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே நாக்கால் பல்லிடுக்கைத் துழாவுகிறார்கள், மூக்கை உறிஞ்சுகிறார்கள். அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அதனால் எல்லாவற்றையும் பெரிதாக்கி, மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். குமட்டிக்கொண்டு வரும். வேலை என்று வந்துவிட்டால் முகம் சுளிக்க முடியுமா?

அந்தத் தம்பதியும் பதிவுக்குச் சம்மதித்தவர்கள்தான். மனைவி வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் இங்கே மகளோடு இருக்கும் தையல்காரர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார் என்பதால் கடையில் அவருக்குப் பெயர் பட்டாசு. எனக்கு அப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார். அவர் முகமும் குரலும் அவளிடம் ஒரு மூச்சு நேரம் தாமதமாகப் போய்ச் சேரும்படி செய்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இதை அவர்களிடம் சொல்லவுமில்லை. சொன்னால் ஆய்வு கெட்டுவிடும்.

முதலில் அவள் சிரித்தாள். "என்ன, பட்டாசு நமுத்துப்போச்சா?" என்றாள். போகப்போக, "ஏன் மென்னு முழுங்குறீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

"யாரும் இல்லம்மா" என்று அவர் உடனேதான் சொன்னார். அவளுக்கு அது யோசித்துச் சொன்ன பொய்யாகப் போய்ச் சேர்ந்தது. அழும்போது அவளுக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கவும் இல்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. தாமதத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

கடைசி அழைப்பில், "வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா?" என்றாள். கேள்வி முடிவதற்குள் அவர் "வா" என்று எழுந்தே விட்டார். அவள் திரையிலோ அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "புரிஞ்சுதுங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். அவள் கணினியின் கேமராவில் என் பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அவள் தங்கியிருந்த விடுதியின் தொலைபேசி எண் கைவசம் இருந்தது. கவனிப்பவன் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் முறை. மூச்சு நிற்கும்வரை பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பதிவு தெளிவாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து பட்டாசு என் அறைக்கு வந்தார். "நான் உடனேதான சார் வான்னு சொன்னேன்? நீங்க பாத்தீங்கல்ல?" என்றார்.

நான் பதில் சொல்லாமல் காத்திருந்தேன். அவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குவது முகத்தில் தெரிந்தது. அதன் பிறகுதான், "கொஞ்சம் யோசிச்சுதாங்க சொன்னீங்க" என்றேன்.

இந்த ஆய்வு முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், சார்.