இரண்டு இலை

1966, ஆடி அமாவாசை. தாராவி ரேஷன் கடை கியூவில், விடாத மழையில், எனக்கு முன்னால் திருநெல்வேலிக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். எழுபது வயது தாண்டிய பெரியவரின் பையில் வாழையிலைகள். மற்றவர் ஒர்க்‌ஷாப் ஆள். கையில் கிரீஸ் போகவில்லை.

"ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு எலை, அண்ணாச்சி?"

"ஒண்ணு நான் திங்க. இன்னொண்ணு செத்துப்போன எனக்குப் படைக்க."

கியூ நகர்ந்தது. இருவரும் நகரவில்லை.

"மொத ஒலகச் சண்டைக்கு மூட்டை தூக்க, வெள்ளைக்காரன் என்னய பஸ்ராவுக்குக் கப்பல் ஏத்துனாம்லா? நான் செத்துட்டேன்னு ஊருக்குத் தந்தி வந்துட்டு. கருமாதி முடிச்சு, எம் பொஞ்சாதி தாலியையும் கழத்திட்டாவ. ரெண்டு வருசம் கழிச்சு நான் வந்து நிக்கேன்."

"பொறவு?"

"திரும்பத் தாலி கட்டுனேன். ஆனாலும் ஆடி அமாவாசைன்னா எம்பேருக்கு ஒரு எலை படைச்சிட்டுத்தான் எனக்குச் சோறு போடுவா. சாகுத வரைக்கும் நிறுத்தல."

"நீங்க கேக்கலியா?"

"கேட்டா, 'அது அவருக்கு'ம்பா. அவ போனபொறவு, போன வருசம் நான் படைக்கல. சாயங்காலம் கதவைத் தட்டுத சத்தம். தொறந்தா, பஸ்ராவுல நான் போட்டிருந்த அதே காக்கி உடுப்புல ஒரு இளவட்டம். வெளிய மழை கொட்டுது, அவன் காலுல காஞ்ச மணலு. 'என் வீட்டுல நீ யாரு'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

பெரியவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என்னத்தச் சொல்ல? அவன் பேரத்தான் சொன்னேன்."