மூன்றாவது சிவப்புத் துணி

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது சார். ஒன்று தின்றாலும் உதடு வீங்கி, முகம் பலாப்பழம் மாதிரி ஆகிவிடும். இந்த ரேமண்ட் இறால் வளர்ப்பது, மொட்டைத் தலையன் சீப்பு விற்பது மாதிரி என்று நானே சொல்லிச் சிரிப்பேன். நான் சொல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வார்கள், முந்திக்கொள்வது நல்லது.

மீன்வளத் துறையிலிருந்து வந்த நீங்கள்தான் இங்கே என்ன நடந்தது என்று முதன்முதலாக நேருக்கு நேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

தாமிரபரணி கடலில் சேருகிற இந்த உப்பங்கழியில், எங்கள் சங்கத்துக் குளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்க்கால். தண்ணீர் எடுப்பதும் விடுவதும் அதில்தான். குஞ்சு கொஞ்சமாகத்தான் விடுவோம், மருந்து கிடையாது. நோய் வந்தால் குளத்துக்காரர் தன் மடைக்கம்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். உடனே எல்லோரும் மடையை அடைப்பார்கள். அந்தக் குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, இறாலோடு நோயையும் கொன்றுவிடுவோம். கட்டியவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று அறுவடையில் ஆளுக்கொரு கூடை கொடுப்பார்கள். துணியைப் பார்த்த பிறகு யாரும் குளத்தைச் சோதிப்பதில்லை. தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள யாராவது பொய் சொல்வார்களா?

மூன்றாம் முறை கட்டினால் மட்டும் குளத்தைப் பறித்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். நான் ஏற்கெனவே இரண்டு முறை கட்டியிருந்தேன்.

அன்று காலை என் குளத்துத் தீனித் தட்டைத் தூக்கினேன். போட்ட தீனி அப்படியே இருந்தது. இறால்கள் சோர்ந்துபோய்க் கரையோரம் ஒதுங்கியிருந்தன. ஒன்றின் ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைப் புள்ளிகள். நோயேதான். குளம் போனால் எனக்கு வேறு வழி இல்லை. கூடங்குளத்தில் ஓரிடத்தில் காவலாளி வேலை கேட்டுப் போனபோது என் நொண்டி நடையைப் பார்த்துவிட்டு, உமக்கே ஒரு காவலாளி வேண்டும் போலிருக்கே என்றார்கள். வீட்டில் மனைவி படுத்த படுக்கை.

பக்கத்துக் குளம் மார்கரெட் அக்காவுடையது. மகள் ஆன்லினின் பிரசவத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். குளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது என்னிடம்தான். அவள் ஒருமுறைகூடத் துணி கட்டியதில்லை. யோசித்துப் பாருங்கள், அவளிடம் மூன்றும் மிச்சம் இருந்தன. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி காப்பித்தூள் கைமாற்றாக வாங்குவதில்லையா? அனுமதி இல்லாமலும் செய்யவில்லை. போனில் கூப்பிட்டு, அக்கா, உன் குளத்தில் புள்ளி விழுந்துவிட்டது, துணி கட்டட்டுமா என்று கேட்டேன்.

"கட்டு தம்பி. மத்தவங்களாவது பொழைக்கட்டும்."

கட்டினேன்.

பவுடர் கொட்டும்போது அவள் இறால்கள் துள்ளின. கண்ணாடி மாதிரி, நல்ல இறால்கள். சங்கத் தலைவர் கைலாசம் அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"ஏம்வே, நோய்ப்பட்ட எறா இப்பிடியா துள்ளும்?"

"மோட்சத்துக்குப் போவுதுல்லா அண்ணாச்சி, சந்தோசம் இருக்காதா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்களுக்குச் சிரித்துப் பழக்கம்.

ஆபத்து நீங்கியது என்று மடைகளைத் திறந்தார்கள். என் இறால்கள் சாகும் முன்னே பிடித்தாக வேண்டும். நல்ல விலை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் வடித்தேன். அது எல்லோர் குளத்துக்கும் போகும் என்று தெரியும். தெரியாது என்றால் பொய் சொன்னதாகிவிடும். பொய் எனக்குப் பிடிக்காது. பிடித்ததை விற்றேன். கொஞ்ச நாளில் மற்ற குளங்களில் எல்லாம் இறால் செத்து மிதந்தது.

மார்கரெட் அக்கா நோயை வாய்க்காலில் விட்ட பிறகுதான் துணி கட்டச் சொன்னாள் என்று ஊரே பேசியது. அறுவடை கண்டவன் நான் ஒருவன். என் பராமரிப்பைப் பாராட்டி, அவளைச் சங்கத்திலிருந்து நீக்கி, அவள் குளத்தையும் என்னிடமே கொடுத்தார்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவள் எதையும் மறுக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கை கூப்பினாள்.

"கெளம்புத அவசரத்துல தட்டச் சரியாப் பாக்காமப் போயிட்டேன். எம்மேலதான் தப்பு."

ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியாக என்னிடம் வந்தாள். எனக்குத் தாங்கவில்லை சார், மனசு இளகினவன். கூப்பிய கைகளைப் பிடித்துக்கொண்டு, "போகட்டும்க்கா, நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்" என்றேன்.

இதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேரில் அவளை மன்னித்தவன் நான் ஒருவன்தான்.