முள்ளிக்கு நாலு வித்தை

— நாலாவதை மட்டும் தொடாதீங்க மாப்பிள்ளை.

— அதைத்தான் எடுக்கணும் அத்தை. மத்த மூணும் பரவாயில்ல.

— அது என் பொண்ணு வச்சது.

— நாலும் அவ வச்சதுதான்.

— அப்ப நாலையும் விட்டுடுங்க.

— விட்டா ஞாயித்துக்கிழமை வீடியோ கேம் போட்டியில முதல் ஆட்டத்துலயே வெளிய வந்துடுவீங்க. முள்ளி செடி ஜந்து. எதிர்ல வர்றவங்க நெருப்பு ஜந்து ஒண்ணைக் கண்டிப்பா கொண்டுவருவாங்க. ஒரே அடி.

— வந்துடுவீங்கன்னு சொல்றீங்க. வந்துடுவோம்னு சொல்லல.

— டீ ஆறுது.

— ஆறட்டும். டிப்போல முப்பத்தோரு வருஷம் ஆறின டீதான் குடிச்சேன். டைம் கீப்பர் சூடா டீ குடிச்சா அன்னிக்கு பஸ் ஸ்ட்ரைக்னு அர்த்தம்.

— ஆறு மணிக்கு அணியைப் பூட்டிடுவாங்க. அதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது. வேகத்தை வேற சரிபண்ணணும்.

— வேகத்துக்கு என்ன கேடு?

— சைபர். ஒரு ஜந்துவை வளர்க்கும்போது பிரிச்சுக் கொடுக்க ஐந்நூறு புள்ளி கிடைக்கும். முள்ளிக்கு வேகத்துல ஒண்ணுகூடப் போடல. எல்லாத்தையும் உடம்புல போட்டு வச்சிருக்கா. வேகமா இருக்கறதுதான் முதல்ல அடிக்கும்.

— மறந்திருப்பாங்கறீங்களா?

— மருந்து மயக்கத்துல பண்ணியிருப்பா. கடைசி மாசம் என் பேரையே ரெண்டு தடவை மாத்திக் கூப்பிட்டா.

— பேரை மாத்துவா. கணக்கை மாத்த மாட்டா. சின்ன வயசுலயே மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துட்டுதான் கடையை விட்டு நகருவா.

— இது சில்லறை இல்ல.

— சரி, நான் ஒண்ணும் பேசல. பாருங்க, எனக்கு இந்த கேம் பெட்டியைக் கையில பிடிக்கத் தெரிஞ்சதே ஆஸ்பத்திரிலதான். "சும்மா உட்கார்ந்து என் மூஞ்சியவே பார்க்காதம்மா, இதைப் பாரு"ன்னு கொடுத்தா. ஒரு வாரம் எந்த பட்டனைத் தொட்டாலும் ஆட்டத்துல இருக்கற கடைக்குள்ள போயி நிப்பேன்.

— ஞாபகம் இருக்கு. நான் ஆபீஸ் விட்டு வரும்போது ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுட்டு இருப்பீங்க.

— புதுசா வந்த நர்ஸு நாங்க ஜெபம் பண்றோம்னு நெனச்சு கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. என் பொண்ணு சிரிச்ச சிரிப்புல ஊசியே கழண்டுடுச்சு.

— அது எனக்குத் தெரியாது.

— உங்ககிட்ட ஏன் சொல்லணும்? வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்பீங்க.

— அத்தை, நாலு வித்தையையும் ஒரு தடவை சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. முதல்ல விதைப்பிடி. எதிராளி மேல விதை ஒட்டிக்கும், கொஞ்சம் கொஞ்சமா உயிரை உறிஞ்சும். நல்லது. ரெண்டாவது தூக்கப்பொடி. அதுவும் நல்லது. மூணாவது வெயில்குடி. வெயில்ல நின்னா பாதி உயிர் திரும்பும். பரவாயில்ல. நாலாவது இது. இதைப் போட்டா முள்ளி தானே விழுந்துடும். அதுக்குப் பதிலா உள்ள வர்ற ஜந்துவுக்கு முழு உயிர் கிடைக்கும்.

— நான் போறேன் நீ வா.

— என்ன?

— அந்த வித்தைக்கு அவ வச்ச பேரு. "போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு"ன்னு திட்டினேன். "இது வராதும்மா, போறதுதான்"னா.

— சரி. அந்தக் கட்டத்துல இலைவாளைப் போடப்போறேன். முள்ளிக்கு அடிக்கிற வித்தையே ஒண்ணும் இல்ல. அடிக்காம யாரும் ஜெயிச்சதில்ல.

— ரெண்டையும் வச்சுக்க முடியாதா?

— நாலு கட்டம்தான். புதுசு ஒண்ணு வேணும்னா பழசு ஒண்ணை அழிக்கணும்.

— யாரு வச்ச சட்டமோ. சரி, போடுங்க. நீங்க படிச்சவங்க.

— போட்டுட்டேன். வேகத்துக்கும் புள்ளியை மாத்திட்டேன். இப்ப மெஷினோட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. எதிர்ல நெருப்பு நரி. உங்க பக்கம் முதல்ல யாரு... இது என்ன ஆமை? ரெண்டாவதா ஒரு பறவைதானே வச்சிருந்தா?

— அது என் ஆமை. டிப்போ. நான் முட்டையிலேருந்து வளர்த்தது. நேரத்துக்கு நகராது, அதனால அந்தப் பேரு. பறவையை எடுத்துட்டு இதை அவளாதான் சேர்த்தா. "உன்னுது முன்னாடி நிக்கட்டும்மா, முள்ளி பின்னாடி இருக்கும்"னா.

— கல் ஆமை. நெருப்பு அதை அவ்வளவாச் சுடாது. தப்பில்ல. ஆடுங்க.

— ஆமை அடிச்சாச்சு. நரியும் அடிச்சாச்சு. மறுபடியும். ஐயோ பாவம், என் ஆமைக்கு இத்துனூண்டுதான் உயிர் இருக்கு.

— உள்ள கூப்பிடுங்க. முள்ளியை விடுங்க. இலைவாள்.

— முள்ளிதான் முதல்ல அடிச்சுச்சு. பரவாயில்லையே.

— வேகம்.

— நரி சாகல.

— பாதி போயிருக்கு. மறுபடி இலைவாள்.

— ரெண்டாவது தடவை பட்டும் சாகல, நரியும் ரெண்டு தடவை கொளுத்திடுச்சே. முள்ளி காலி. இப்ப அந்தத் துளி உயிரோட ஆமையைத்தான் அனுப்பணும்.

— அனுப்புங்க.

— முடிஞ்சுது.

— இன்னொரு ஆட்டம்.

— ஆடலாம். ஆனா ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவ வச்சிருந்த பழைய வித்தையோட, இப்ப நீங்க கொடுத்த வேகத்தோட ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

— முள்ளி முதல்ல போயி விழுந்திருக்கும். ஆமை முழு உயிரோட வந்திருக்கும்.

— நரி?

— நரி இன்னும் அடிக்கல. வந்து நின்ன ஆமையை அடிக்கும்.

— சரி. இப்ப அவ வச்சபடி, வேகம் சைபர்.

— நரி முதல்ல முள்ளியை அடிக்கும். முள்ளி ஒரே அடியில... இல்ல. முள்ளி கையில காப்புக் கயிறு கட்டி வச்சிருக்கா. முழு உயிரோட இருக்கும்போது அடிச்சா ஒரு நூல் உயிர் மிஞ்சும்.

— அப்புறம்?

— அப்புறம் முள்ளி அந்த நாலாவதைப் போடும். விழும். ஆமை வரும். நரி அதுக்குள்ள அடிச்சு முடிச்சிருக்கும். அந்தச் சுத்துல ஆமை மேல ஒரு கீறல்கூட விழாது.

— கடைசி வண்டி மாப்பிள்ளை.

— என்ன?

— பாருங்க, எல்லா வண்டியும் நேரத்துக்குக் கிளம்பணும்னு நாங்க தொண்டை கிழியக் கத்துவோம். கடைசி வண்டியை மட்டும் கத்த மாட்டோம். அது நின்னு, வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சான்னு பார்த்துட்டுதான் போகணும். புது டிரைவருங்கதான் வேகமாப் போனா கெட்டிக்காரன்னு நெனச்சு எடுத்துடுவாங்க. மறுநாள் என் ஜன்னல்லதான் வந்து ஜனங்க திட்டும்.

— அப்ப மறதி இல்ல.

— மருந்து மயக்கமும் இல்ல.

— மெதுவா இருக்கணும்னே வச்சிருக்கா.

— நான் சொன்னேன்ல, கணக்கை மாத்த மாட்டா.

— சரி. பழையபடியே வச்சுடலாம். மணி... ஆறு. போச்சு. பூட்டியிருப்பாங்க.

— பூட்டல. உங்க வீட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுது. உள்ள வந்து உட்காரும்போதே பார்த்தேன். எனக்கு அது வியாதி.

— அவதான் அப்படி வச்சா. நான் ஆபீஸுக்கு லேட்டாப் போறேன்னு.

— இன்னும் மாத்தலையா?

— கை எட்டல.

— ஆறடி ஆளு. சரி சரி, வேலையைப் பாருங்க.

— அழிச்ச வித்தையை மறுபடி கத்துக்கொடுக்கற கிழவன் ஒருத்தன் ஆட்டத்துல இருக்கான். அங்க போயிட்டிருக்கேன். போட்டாச்சு. வேகம் சைபர். கயிறு இருக்கு. ஆமை முதல்ல, முள்ளி ரெண்டாவது.

— அழுத்துங்க.

— அழுத்திட்டேன். அணி பூட்டியாச்சு.

— அப்பாடா. இப்பதான் டீ ருசிக்குது.

— அத்தை, ஞாயித்துக்கிழமை விஷயம். ரெண்டு ரெண்டு பேரா ஆடற போட்டி இது. என்னால வர முடியாது.

— ம்.

— எங்க ஆபீஸ் மாடியில கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருக்கார். நல்லா ஆடுவார். கேட்டுட்டேன். எனக்குப் பதிலா உங்களோட வருவார்.

— அவருக்கு நான் யாரு?

— கூட ஆடறவங்க. அவ்வளவுதான்.

— தெரியாமத்தான் கேட்கறேன். உங்களுக்கு நான் யாரு இப்ப?

— என்ன அத்தை பேச்சு இது.

— அவ போயி அஞ்சு மாசம். ஒரு தடவை வந்தீங்க. அதுவும் விட்டுட்டுப் போன குடையை எடுக்க. நான் குத்தம் சொல்லல. பொண்ணு இருந்தாதான் அது மாமியார் வீடு. இல்லன்னா வெறும் மூணாவது மாடி, லிஃப்ட் வேற கிடையாது. எதுக்கு ஏறுவீங்க?

— வந்தா அவளைப் பத்திப் பேசணும். எனக்கு வராது.

— யாரு பேசச் சொன்னா? இவ்வளவு நேரம் நாம ஆமையைப் பத்தித்தானே பேசினோம்.

— அந்தப் போட்டி ஹால்ல போன வருஷம் அவளும் நானும் உட்கார்ந்தோம். அந்த நாற்காலியில மறுபடி உட்கார என்னால முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

— சரி. கட்டாயம் இல்ல. அந்த ரிப்பேர்காரர் பேரையே போட்டுடுங்க. நீங்களா என் பேரையும் சேர்த்துப் போட்டிருந்தீங்களேன்னுதான் பஸ் ஏறி வந்தேன். இல்லன்னா உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்.

— நான் எங்க போட்டேன்?

— திங்கக்கிழமை செய்தி வந்துச்சே. ஜோடி உறுதியாச்சு, உங்க பேரும் என் பேரும். பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேட்கல.

— அந்தச் செய்தி எனக்கும் வந்துச்சு அத்தை. நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன். ஆசைப்பட்டுப் போட்டிருக்காங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்லக்கூடாதுன்னுதான் இன்னிக்கு வரச் சொன்னேன்.

— எனக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே தெரியாது மாப்பிள்ளை.

— இருங்க. எப்படியும் ரிப்பேர்காரர் பேரைப் போட அதைத் திறக்கணும், பேரையும் ஆறு மணி வரைக்கும்தான் மாத்தலாம். பதிவு பண்ண தேதியும் இருக்கும்.

— என்ன போட்டிருக்கு?

— அவ போறதுக்கு ஒம்பது நாள் முன்னாடி.

— ஒம்பது நாள்னா... அன்னிக்குத்தான் என்னை வெளிய போயி பழம் வாங்கிட்டு வரச் சொன்னா. வந்து உரிச்சுக் கொடுத்தா, பசியில்லன்னா.

— ஆட்டக்காரர் ஒண்ணு, நான். ஆட்டக்காரர் ரெண்டு, நீங்க.

— அவ பேரு இல்லையா?

— இருக்கு. கீழ ஒரு கட்டம் இருக்கு. மாற்று ஆட்டக்காரர்னு. ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலைன்னா பதிலுக்கு யாருன்னு கேட்கறாங்க. அதுல போட்டிருக்கா.

— அந்தக் கட்டத்துலதானே நீங்க ரிப்பேர்காரர் பேரைப் போடணும்?

— ஆமா.

— ஒரு பேருக்குத்தான் இடமா?

— ஒரு பேருதான். இதை அழிச்சாதான் அதைப் போட முடியும்.

— ஆறுக்கு எத்தனை நிமிஷம் இருக்கு பாருங்க.

— ரெண்டு.

— அழிக்கணும்னா அழிச்சுக்கோங்க மாப்பிள்ளை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— திரும்ப வேணாம் அத்தை, அழிக்கல. இதுல எழுதியிருக்கறபடி பார்த்தா, நான் வரலைன்னா அவ வரணும்.