பிங்கி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்

தமிழரசி: என்னங்க இது… பூச்சி மருந்து கேன் இவ்ளோ கனக்குது? காலைல எடுத்துட்டுப் போனபடியே இருக்கு!

அமல்ராஜ்: மெதுவா வை, கொட்டிடப் போற.

தமிழரசி: ஒரு சொட்டுகூட அடிக்கலையா? ஹடப்சர் அபார்ட்மெண்ட் சொசைட்டில அறுபது வீடு, நாள் பூரா வேலைன்னு போனீங்க…

அமல்ராஜ்: விட மாட்டேங்கறாங்க தமிழு. கரப்பானைக் கொல்லக் கூடாதாம்.

தமிழரசி: அரே! கரப்பான் தொல்லை தாங்கலைன்னு கூப்பிட்டதே அவங்கதானே?

அமல்ராஜ்: அது கதை படிக்கறதுக்கு முன்னாடி.

தமிழரசி: கடவுளே… நாம அவங்க வாட்ஸப் குரூப்ல போட்ட விளம்பரக் கதையா?

அமல்ராஜ்: அதேதான். ஒரு குழந்தை சிங்க் அடியில பிஸ்கட்டை உதிர்த்து வெச்சிருக்கு. நம்ம கதைல வர்ற பப்லு கரப்பானுக்காம்.

தமிழரசி: ஐயோ…

அமல்ராஜ்: சிரி, சிரி. நானே பஸ்ல தனியா சிரிச்சுட்டுதான் வந்தேன். கரப்பானுக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சுக் குடுத்த பெஸ்ட் கன்ட்ரோல்காரன் பூனாவிலேயே நான் ஒருத்தன்தான்.

தமிழரசி: அந்த மார்க்கெட்டிங் கிளாஸ்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?

அமல்ராஜ்: மருந்தைப் பத்திப் பேசாதே, கதை சொல்லு. ஹீரோ மேல ஜனங்களுக்குப் பாசம் வரணும்…

தமிழரசி: அதுக்குக் கரப்பானா ஹீரோ? கஸ்டமர்தானே ஹீரோவா இருக்கணும்!

அமல்ராஜ்: அப்படித்தான் சொன்னாங்களாம். அது சாப்பாட்டுக்கு அப்புறம். நான் தூங்கிட்டேன்.

தமிழரசி: இங்க தாபோடிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி கிளாஸுக்குப் போய் தூங்கினீங்களா…

அமல்ராஜ்: நல்ல ஏசி தமிழு.

தமிழரசி: நல்லா இருக்கு. செக்ரட்டரி கிரிஜா மேடம் என்ன சொன்னாங்க? வருஷ கான்ட்ராக்ட்?

அமல்ராஜ்: முதல்ல இந்தத் தடவை அடிங்க, அப்புறம் கையெழுத்துன்னு…

தமிழரசி: அது போச்சுன்னா கடையை மூடிட்டு நீங்க திரும்ப ஃபாக்டரி கேட்ல வேலைக்குப் போய் நிக்கணும். ஞாபகம் இருக்கா?

அமல்ராஜ்: இருக்கு.

தமிழரசி: அப்ப நானே அவங்களுக்கு போன் போடறேன்.

அமல்ராஜ்: வேணாம்… போனை வை முதல்ல!

தமிழரசி: ஏன் இப்படிப் பதறுறீங்க?

அமல்ராஜ்: ஒண்ணுமில்ல… நான் எழுதினது மூணே வரி. பப்லு வந்தான். நாங்க அடிச்சோம். செத்தான். இதுக்கு யார் அழுவாங்க? இந்தில மாத்துன்னு உன்கிட்ட குடுத்தேன். திரும்பி வரப்போ ஒரு பக்கம் ஆயிடுச்சு. பிங்கின்னு ஒரு பொண்டாட்டி வேற.

தமிழரசி: உங்க கதை மொட்டையா இருந்துச்சு… அதான் கொஞ்சம்…

அமல்ராஜ்: அவ சிங்க் அடியில சப்பாத்தித் துண்டை மூடி வெச்சுட்டு, 'அஞ்சு மணிக்கு வரேன்னாரே'ன்னு வாசலையே பாக்கறா.

தமிழரசி: சும்மா… கற்பனைங்க.

அமல்ராஜ்: எந்தக் கரப்பான் மணி பாக்கும்?

தமிழரசி: இருங்க, போனை எடுத்துட்டாங்க… மேடம், அமல்ராஜ் வீட்லேர்ந்து பேசறேன்… என்னது? யாருமே தடுக்கலையா? அவரேவா அடிக்காம கிளம்பிட்டாரு?… இல்ல மேடம், தலைவலியாம். நாளைக்குக் காலைல கண்டிப்பா அடிச்சுடறோம், நானும் கூட வரேன்… ரொம்ப தேங்க்ஸ் மேடம்.

அமல்ராஜ்: எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?

தமிழரசி: அறுபது வீடும் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தாங்களாமே!

அமல்ராஜ்: பிஸ்கட் மட்டும் நிஜம்.

தமிழரசி: அப்ப ஏன் அடிக்கல?

அமல்ராஜ்: முதல் வீட்ல சிங்க் அடியில குனிஞ்சேன். ஒண்ணு உக்காந்திருந்துச்சு. மீசையை ஆட்டிக்கிட்டு, வாசலையே பாத்துக்கிட்டு… உன் ஞாபகம் வந்துடுச்சு. கை வரல.

தமிழரசி: என் ஞாபகமா! கரப்பானைப் பாத்தா?

அமல்ராஜ்: அஞ்சு மணிக்கு வரேன்னு தினம் சொல்லிட்டு எட்டு மணிக்கு வர்றவன் பப்லு இல்ல, நான்தான்னு படிச்சப்பவே தெரியும் தமிழு. அதான்… இப்ப மணி மூணுகூட ஆகல பாரு. சாப்பாடு மூடி வெச்சிருக்கியா?