பொறுப்பாளர் உடன் இருக்கையில்

எங்கள் தெருவில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டின் வண்டிச் சத்தம் கேட்டால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் ஒருத்திதான் திறந்து வைப்பேன். பாலிசி எடுக்க அல்ல சார். அந்த ஏஜென்ட் துளசிராமனுக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நுழையாத வீடு கிடையாது. யாருக்கு நெஞ்சுவலி, எவன் நாமினியிலிருந்து பெண்டாட்டி பெயரை எடுத்தான் என்று ஒரு டீக்கு அத்தனையும் சொல்லிவிடுவார். நீங்களும் அதே கம்பெனியிலிருந்துதான் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். உட்கார்ந்ததிலிருந்து நோட்டைத்தான் புரட்டுகிறீர்கள். டீ வேறு ஆறிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

இந்தக் கூடத்தில்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் என்றால் வயதில் அல்ல. அன்புவுக்கு மீசை இருக்கிறது, ஆனால் சட்டைப் பொத்தான் போட நான் வேண்டும். ஸ்நேகா வயதுக்கு வந்த பெண். பிறந்ததிலிருந்து கை கால் சொன்னபடி கேட்காது, பேச்சும் வராது. இன்னும் இரண்டு பேர் எப்போதாவது வருவார்கள். அம்மாக்கள் எல்லோரும் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. காலையில் கம்பெனி வேன் ஏறுமுன் இங்கே விட்டுவிட்டு, ஷிஃப்ட் முடிந்து வந்து கூட்டிப்போவார்கள். நான் இல்லையென்றால் அவர்களுக்கு வேலை இல்லை. தெருவே இதைச் சொல்லும். சொல்லாதவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

துளசிராமன்தான் பேச்சை எடுத்தார். இரண்டு பாலிசிகளைத் தரையில் பரப்பினார்.

"இத பாரு குணாக்கா. இதுல நீ பக்கத்துல இருக்க சொல்ல புள்ள விழுந்து அடிபட்டா கம்பெனி குடுக்கும். உட்டுட்டு எங்கனா போயிருந்தா கைய விரிச்சிடும். அது கொஞ்சம் கூட ஆவும், ஆனா உன் தப்பா இருந்தாலும் குடுக்கும்."

"நான் தப்பு பண்ணி நீ எப்பனா பாத்துக்கிறியா?"

"மத்தவங்க தப்ப பாக்கவே உனக்கு டைம் பத்தல. எதுக்கும் பெருசையே போட்டுக்கக்கா. எதிர் ஊட்ல சண்டைன்னா நீ இன்னா குந்திக்கினா இருப்ப?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சின்னதையே போட்டேன். 'பொறுப்பாளர் உடன் இருக்கையில்' என்று அதில் ஒரு வரி வரும். பொறுப்பாளர் என்றால் நான். படித்துவிட்டுச் சிரித்தேன். எனக்கா பாடம் என்று.

அன்றைக்கு அன்புவும் ஸ்நேகாவும்தான் வந்திருந்தார்கள். காலைச் சாப்பாடு ஊட்டி முடித்திருந்தேன். எதிர்வீட்டுக் கல்பனாவின் மகன் விமல், கழுத்தில் மாலையோடு ஒரு பெண்ணை ஆட்டோவிலிருந்து இறக்கினான். சோழவரத்துப் பெண்ணாம். கல்பனா கதவைத் திறக்கவில்லை. "எம் புள்ள குனிஞ்ச தல நிமிரமாட்டான்" என்று என்னிடமே பீற்றிக்கொண்டவள் அவள். பார்க்காமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். ஸ்நேகா இதே கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டிவிட்டுத்தான் போனேன் என்று நினைத்திருந்தேன்.

மாட்டவில்லை. நான் திரும்பி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். வலது கால், கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. அன்பு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். ஸ்நேகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே சத்தம் சார். அவள் அம்மா சுகிர்தாவுக்கும் எனக்கும்தான் வித்தியாசம் தெரியும். அது சிரிப்பில்லை.

108க்கு அடிக்கத்தான் போனை எடுத்தேன். அப்போது அந்த வரி ஞாபகம் வந்தது.

ஆபரேஷன் என்பார்கள். சுகிர்தா தனி மனுஷி, எங்கே போவாள்? அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தானே என்று உங்கள் முகம் சொல்கிறது. செய்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி விழுந்தாள் என்று கேட்பார்கள் இல்லையா? கல்பனா வீட்டு வேடிக்கை பார்க்கப் போய்ப் பிள்ளையைப் போட்டுவிட்டாள் குணசுந்தரி என்று தெரு சொல்லும். ஒரு பேச்சு எப்படி வளரும் என்பது எனக்குத் தெரியும், எத்தனையோ வளர்த்து விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் இந்தக் கூடம் காலியாக இருக்கும். அந்த அம்மாக்கள் வேலையை விட்டு நிற்பார்கள். எனக்கும் வேறு பிழைப்பு கிடையாது. பாலிசியும் கையை விரிக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர்தான். அவள் அப்போது விழாமல், நான் இருக்கும்போது விழுந்திருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன் சார், விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. மதியம் ஞானம்மா வரவேண்டும்.

ஞானம்மா பின்தெருச் சர்ச்சில் பெண்களுக்கு ஜெபம் நடத்துகிறவர். தினமும் மதியம் வந்து ஸ்நேகாவின் தலையில் கை வைத்து ஜெபிப்பார். பொய் சொல்ல வராது. தெருவில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஞானம்மா சொன்னால் கலெக்டர்கூட நம்புவார்.

வந்தார். கட்டிலைப் பார்த்து, "இன்னாமா, புள்ள இன்னிக்கி சிரிச்சிக்கினே கீது?" என்றார்.

"ஆமாக்கா. காலைலேர்ந்து ஒரே குஷி."

"கண்ண மூடு அன்பு" என்றார். தினமும் சொல்வார். அவன் ஒருநாளும் மூடியதில்லை. அவர் மூடிவிடுவார், ஆமென் வரை திறக்கமாட்டார்.

ஸ்நேகா என் முந்தானையைப் பிடித்திருந்தாள். வலி வந்தால் அப்படித்தான், கையில் கிடைத்ததை விடமாட்டாள். விரல் விரலாக எடுத்துவிட்டேன். முழங்கால் உயரக் கட்டில்தான். காலையில் விழுந்த இடத்திலேயே விழுவாள், ஏற்கெனவே போன கால்தானே என்று நினைத்தேன். இடுப்புக்குக் கீழே கை கொடுத்துப் புரட்டினேன். டிவி மேசையின் மூலையில் தலை இடிக்கும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, ஞானம்மாவின் ஜெபம் சின்னது.

சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தபோது, நான் அவள் பக்கத்திலேயே குனிந்திருந்தேன். அதைத்தான் போலீசிலும் சொன்னார். "குணா பக்கத்துலதான் இருந்தா, கண்ணு மூடி திறக்கறதுக்குள்ள புள்ள விழுந்துடிச்சி." ஒரு சொல் பொய் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஸ்நேகா போய்விட்டாள். சுகிர்தா கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தும் ஆயிடிச்சேக்கா, உன் மேல இன்னா தப்பு, நீ அழாத" என்றாள். அவளே என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

தொடை வீக்கம் காலையிலேயே வந்தது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். அன்புவைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை, போலீசும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வீட்டில் அம்மா தமிழ்செல்வியிடம் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். பிஸ்கட் கேட்கிறான் என்று அவளும் இரண்டிரண்டாகக் கொடுத்திருக்கிறாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் இரண்டு விரல். பிறகு ஒருநாள் தலையணையைக் கட்டிலில் கிடத்தி, அதன் மூலையிலிருந்து எதையோ விரல் விரலாகப் பிரித்தானாம். பிரித்துவிட்டுத் தள்ளினானாம். தமிழ்செல்வி நேராக உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பிள்ளைக்குப் பொத்தான் போட்டுவிட்டவள் நான்.

அடிபட்ட தொடையோடு காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் யார் செலவில் என்று யாரும் சொல்லவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் சார், எதையும் மறைக்கவில்லை. முதல் தடவை விழுந்தபோது நான் இல்லை. கல்பனா வாசலில் நின்றிருந்தேன். அதற்கு நான் பணம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை நான்தான் தள்ளினேன். சுகிர்தாவிடம் பணம் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவள் மாலையில் வந்து கேட்பாள். நான் உடன் இருந்தேன் சார், என் கை அவள் மேல்தான் இருந்தது. அந்த வரிப்படி பார்த்தால், இரண்டாவதற்காவது பாலிசி செல்லும்தானே.